இயோனியோ தியேட்டரின் பக்கவாட்டுக் கதவு

துரின்,
4 நவம்பர் 1986

ஸ்கலீசே வாத்தியார் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் அப்பாவைத் தெரியும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

காஸ்தெல்நேரோ நகரசபைப் பத்திரிகையில் இயோனியோ தியேட்டரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் சித்தி மகள் கத்தரித்து அனுப்பியிருந்தாள். ஊர் ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அனுப்பியிருக்கிறாள். கடைசிப் பத்தி வரை அவள் படித்திருக்க மாட்டாள். கழிவறை ஜன்னல் வழியாக உள்ளே குதித்தீர்களாம். புறா எச்சத்தில் கால் வழுக்கியதாம். அந்த இடம் முன்பு ஒலிவ எண்ணெய் ஆலையாம். கூரையில் எக்காளம் ஊதும் பெண்ணைப் பார்த்துப் பாதிரியார் முகம் சுளித்ததால், ஓவியன் மறுபடி ஏணியில் ஏறி அவளுக்கு இடுப்புத் துணி வரைந்தானாம். எல்லாம் ருசியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடுப்புத் துணிக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட, உள்ளே வெந்து செத்த ஒன்பது பேருக்கு நீங்கள் கொடுக்கவில்லை.

"1957 ஈஸ்டர் திங்களன்று, குடிபோதையில் இருந்த ஆபரேட்டர் சவேரியோ லீக்கோ, டிக்கெட் இல்லாதவர்கள் நுழையாமலிருக்கப் பக்கவாட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, ஓடும் படத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார்." இது உங்கள் வாக்கியம்.

சவேரியோ லீக்கோவுக்கு வயிற்றுப் புண் இருந்தது. அவர் ஒரு வாய் மது குடித்து நான் பார்த்ததில்லை. ரீல் பற்றிக்கொண்டதும் அவர் அறையை விட்டு ஓடியது முன்வாசலைத் திறந்துவிட. இரண்டு கையும் வெந்துபோனது அப்போதுதான். அந்தக் கைகளோடு சிறைக்குப் போனார். நாங்கள் வாசலில் விழுந்த எச்சிலைக் கழுவிவிட்டு வடக்கே ரயிலேறினோம். எனக்கு அப்போது பத்து வயது. அவர் இங்கே மண்ணுக்குள் போய்ச் சில வருடங்களாகின்றன. அங்கேயாவது அவரை விட்டுவிடலாம்.

அடுத்த இதழில் மறுப்பு வர வேண்டும். உங்கள் கட்டுரை எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில்.

நொரீனா லீக்கோ


காஸ்தெல்நேரோ,
15 நவம்பர் 1986

திருமதி லீக்கோ அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மறுப்பு வராது.

நான் எழுதியது என் கற்பனை அல்ல, தீர்ப்பில் உள்ளது. பக்கவாட்டுக் கதவு என்ற ஒன்று அன்று இருக்கவே இல்லை என்றும், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் தியேட்டர் மூடியிருந்தபோது அந்த வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள் என்றும் தங்கள் தந்தை நீதிமன்றத்தில் சொன்னார். அடைத்தது யார் என்று நீதிபதி கேட்டார். தெரியாது என்றார். அந்த வாரம் முழுக்கத் தியேட்டருக்குள்ளேயே மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு, கண்ணெதிரே சுவர் எழுப்பியவன் யாரென்று தெரியவில்லையாம். உரிமையாளர் தோன் அத்தீலியோவோ, தீ விபத்துக்குப் பிறகு யாரும் உள்ளே போய்விடக் கூடாது என்றுதான் அதை அடைத்ததாகச் சொன்னார். தாங்கள் நீதிபதியாக இருந்தால் யாரை நம்பியிருப்பீர்கள்?

ஒன்பது பேருக்கு நான் இடம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தி என் அக்கா எர்சீலியா. பதினான்கு வயது. எனக்குத் தட்டம்மை என்பதால் அன்று என்னை வீட்டில் விட்டுவிட்டு அவள் மட்டும் படத்துக்குப் போனாள். என் அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்ததை நான் கட்டிலில் படுத்தபடி பார்த்தேன். அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. கூரை ஓவியத்தைப் பற்றி எழுத வந்தது. அதற்காகத் தங்களிடம் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இல்லை.

இனி எழுத வேண்டாம்.

கொர்ராதோ ஸ்கலீசே


துரின்,
23 நவம்பர் 1986

வாத்தியாரே,

உங்கள் அக்காவுக்காக வருந்துகிறேன். இதை ஒரு தடவைதான் சொல்வேன். அவளைக் காட்டி என் வாயை அடைக்க நினைக்காதீர்கள்.

நான் டிராம் ஓட்டுகிறேன். விபத்து நடந்தால் எங்கள் கம்பெனி ஆள் முதலில் தண்டவாளத்தைப் போய்ப் பார்ப்பான், அப்புறம்தான் காகிதத்தைப் பார்ப்பான். நீங்கள் காகிதத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். கழிவறை ஜன்னல் வழியாக அவ்வளவு கஷ்டப்பட்டு இறங்கினீர்களே, கதவு இருந்த இடத்துக்கு ஏன் போகவில்லை? உங்கள் கட்டுரையில் டிக்கெட் ஜன்னலின் பித்தளைக் கம்பி இருக்கிறது, உளுத்துப்போன பால்கனி இருக்கிறது, படம் பார்த்தவர்கள் கொறித்துத் துப்பிய லூப்பின் கொட்டைத் தோல்கூட இருக்கிறது. அந்தக் கதவு மட்டும் இல்லை.

என் அப்பா கடைசி வரைக்கும் ஒரே பேச்சுதான் பேசினார்: "பூட்டுறதுக்கு அங்க கதவே இல்லையே." சின்ன வயதில் அதைக் கேட்டுக்கேட்டு எனக்கு அவமானமாக இருக்கும். பொய்க்காரன் மகள் என்று நானே என்னை நினைத்துக்கொண்டேன். அதனால் நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவை நம்புகிறவள் இல்லை. போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். பயமாக இருந்தால் அதையாவது எழுதுங்கள்.

நொரீனா லீக்கோ


காஸ்தெல்நேரோ,
9 டிசம்பர் 1986

திருமதி லீக்கோ அவர்களுக்கு,

பயம் என்று எழுதினீர்கள். அதனால்தான் போனேன், தங்கள் வாயிலிருந்து அந்தச் சொல் இன்னொரு தடவை வரக் கூடாது என்பதற்காக.

பள்ளி முடிந்த மதியத்தில், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கினேன். கூரை ஒழுகி முன்வரிசை இருக்கைகளில் அத்திச் செடி முளைத்திருக்கிறது. திரை எரிந்துபோன இடத்தில் வெறும் சட்டம் நிற்கிறது. பக்கவாட்டு நடைபாதை முழுக்க உதிர்ந்த காரை. ஒரு இடத்தில் தரைப் பலகை உடைந்து முழங்கால் வரை உள்ளே போய்விட்டேன். கால் கிழிந்தது. தங்களுக்கு அதில் மகிழ்ச்சி என்றால் மகிழ்ந்துகொள்ளுங்கள்.

நடைபாதை முடியும் இடத்தில் மேலே "வெளியே" என்று எழுதிய தகர விளக்குப் பெட்டி இன்னமும் தொங்குகிறது. அதன் கீழே திரைச்சீலைக் கம்பி. அதில் கருகிய துணி கொஞ்சம். அதற்குப் பின்னால் சுவர். மற்ற சுவர்களைப் போலவே கீழே பச்சை, மேலே வெளிர் மஞ்சள். சாவியால் சுரண்டினேன். காரைக்குப் பின்னால் செங்கல். தட்டினால் மற்ற இடத்தில் கல்லின் சத்தம், இங்கே வேறு சத்தம்.

ஆக, வழி அடைக்கப்பட்டிருக்கிறது. தோன் அத்தீலியோ சொன்னதும் அதுவேதான்: தீ விபத்துக்குப் பிறகு அடைத்தேன் என்றார், அடைத்திருக்கிறார். தங்கள் தந்தை அந்த உண்மையை எடுத்து, தேதியை மட்டும் மாற்றித் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். பொய் சொல்லத் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

பார்த்துவிட்டேன். எழுதிவிட்டேன். முடிந்தது.

கொ. ஸ்கலீசே


துரின்,
17 டிசம்பர் 1986

வாத்தியாரே,

நீங்கள் எழுதியதை நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்தானே.

எரிந்துபோன தியேட்டரை யாரும் நுழையாமல் அடைக்க ஒருவன் வருகிறான். செங்கல் வைக்கிறான், சரி. அதற்குமேல் காரை எதற்குப் பூசினான்? கருகிக் கிடக்கிற கூடத்தில், இனி ஒருத்தரும் உட்காரப்போவதில்லை என்று தெரிந்தும், அதற்குப் பச்சையும் மஞ்சளும் அளவெடுத்து எதற்கு அடித்தான்? மற்ற சுவரோடு சுவராகத் தெரிய வேண்டும் என்று யாரை ஏமாற்ற? புறாக்களையா?

இன்னொன்று. புகைக் கரி அந்த வண்ணத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? இதைப் பார்க்கக் கல்லூரிப் படிப்பு வேண்டாம். ஈரத் துணி போதும்.

நீங்கள் பதில் எழுதாவிட்டால் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

நொரீனா லீக்கோ


காஸ்தெல்நேரோ,
20 பிப்ரவரி 1987

திருமதி லீக்கோ அவர்களுக்கு,

இவ்வளவு நாள் எழுதாதது வேண்டுமென்றேதான்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மறுபடி உள்ளே போனேன். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுபோனேன். துடைக்கத் துடைக்கக் கரி வந்தது. கரிக்கு அடியில்தான் பச்சை வந்தது. சுவர் தீக்கு முன்பே இருந்திருக்கிறது. இதற்கு மேல் நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை.

துடைத்ததில் இன்னொன்றும் தெரிந்தது. என் இடுப்பு உயரத்துக்குக் கீழே, காரையில் கோடு கோடாகப் பள்ளங்கள். முதலில் எலி என்று நினைத்தேன். விரலை வைத்துப் பார்த்தேன். விரல்கள். காரை அப்போது முழுதாகக் காய்ந்திருக்கவில்லை. விளக்கைப் பார்த்து ஓடி வந்தவர்கள் திரைச்சீலையை விலக்கிவிட்டு, கதவு இருந்த இடத்தில் சுவரைத் தடவியிருக்கிறார்கள், பிறகு பிறாண்டியிருக்கிறார்கள். எர்சீலியாவைக் கண்டெடுத்தது அங்கேதான். அம்மா அவளைக் குளிப்பாட்டியபோது நகக்கண்களில் வெள்ளையாக ஏதோ இருந்தது. ஈஸ்டர் பலகாரத்துக்கு மாவு பிசைந்தவள், மாவாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். நாங்கள் எல்லோரும் அப்படியே நினைத்துக்கொண்டோம்.

மார்ச் இதழில் மறுப்பு வரும், தாங்கள் கேட்ட அதே பக்கத்தில். தங்கள் தந்தை சொன்னது உண்மை, அவர் கதவைப் பூட்டவில்லை, குடித்ததற்கும் சாட்சி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அத்தோடு நிறுத்திக்கொள்வோம். சுவரைக் கட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தோன் அத்தீலியோ ரோமில் தன் கட்டிலிலேயே செத்துப்போய்விட்டார்.

கொர்ராதோ ஸ்கலீசே


துரின்,
1 மார்ச் 1987

வாத்தியாரே,

யார் கட்டியது என்று நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு நீங்கள் பதில் எழுதியபோதே எனக்கு இடித்தது.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, கட்டினவன் பெயர் மட்டும்தான் தெரியவில்லையாம் என்றேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "உங்கப்பாவுக்குத் தெரியும். நிக்கோதேமோ ஸ்கலீசேதான் கட்டுனான். வேலை நடந்தப்போ உங்கப்பாதான் அவனுக்குத் தண்ணி மொண்டு கொடுத்தாரு."

நிக்கோதேமோ ஸ்கலீசே. ஊரில் ஒரே கொத்தனார் ஸ்கலீசேதான், அவர் மகன்தான் வாத்தியார் என்று அம்மா சொன்னாள்.

அப்பா ஏன் கோர்ட்டில் அந்தப் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். சிறைக்கு முதல் தடவை பார்க்கப் போனபோது அம்மாவும் அதையேதான் கேட்டாளாம். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து அப்பா சொன்னாராம்: "அவன் பொண்ணு அந்தச் சுவத்துமேல சாஞ்சு கிடந்தா. நான்தான் பார்த்தேன். அவன் பேரைச் சொன்னா அவன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரும் ஒரு வீட்டுல எப்படி இருப்பாங்க?"

நீதிபதி அவரை நம்பாததற்கு அந்த ஒரு "தெரியாது"தான் காரணம் என்று நீங்களே எனக்கு எழுதினீர்கள். உங்கள் வீடு உடையக் கூடாது என்று என் அப்பா எங்கள் வீட்டை உடைத்தார். அவர் பெரிய மனிதர் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு அவர்மேல் வருகிற கோபத்தை இங்கே எழுத முடியாது. என்னைக் கேட்டாரா? அம்மாவைக் கேட்டாரா? ஆனால் தனக்கு எதுவும் தெரியாது என்று நடித்த உங்கள் அப்பாவும், எனக்குத் தெரியாது என்று எழுதிய நீங்களும் ஒரே காரையைத்தான் பூசுகிறீர்கள்.

மறுப்பில் பெயர் வர வேண்டும். முப்பது வருடமாக எங்கள் பெயர் இருந்த இடத்தில்.

நொரீனா லீக்கோ


காஸ்தெல்நேரோ,
12 ஏப்ரல் 1987

நொரீனா லீக்கோவுக்கு,

பெயர் வந்துவிட்டது. இதழை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்களுக்குப் பயந்து நான் அதை எழுதவில்லை. நீங்கள் பெயரைச் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும், அதுவும் உண்மை. ஜனவரியில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, தியேட்டரில் அந்தப் பக்கத்துச் சுவர் செங்கல் சுவராமே என்று சும்மா கேட்பதுபோல அப்பாவிடம் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்கு எழுந்து போனார். பின்னாலேயே போனேன். மரம் கவாத்துப் பண்ணுகிற கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நின்றார்.

"பசங்க டிக்கெட் இல்லாம அந்த வழியாத்தான் நுழையிறானுங்கன்னு தோன் அத்தீலியோ சொன்னாரு. ஈஸ்டருக்கு அப்புறம் அந்தப் பக்கம் வேற கதவு வைக்கிறேன்னாரு. நான் நம்பினேன்டா" என்றார். கோர்ட்டில் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். அதற்கு ஒரு வார்த்தைதான் சொன்னார். "உங்கம்மா."

அதனால்தான் உங்களிடம் தெரியாது என்று எழுதினேன். அந்த வார்த்தைக்கு எதிராக என்னிடம் வேறு வார்த்தை இல்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான், அதே அம்மாவுக்காக இன்னொருவர் சிறையில் இருந்தார் என்று தெரிந்தது. அந்தப் பக்கத்தைப் பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு முன் அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அம்மாவிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். சொல்லவில்லை. ரொட்டிக் கடையில் யாரோ அவளிடம் பத்திரிகையை நீட்டினார்கள்.

அம்மா வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த ரெண்டு ஓசி டிக்கெட்டு, அது அந்த வேலைக்குக் கிடைச்சதா?" அப்பா தலையை ஆட்டினார். கூலியோடு தோன் அத்தீலியோ சேர்த்துக் கொடுத்தது, எர்சீலியாவுக்கும் எனக்கும். இதை நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு வயது எழுபத்து மூன்று. அப்பா தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். கடைத்தெருவில் அவரோடு யாரும் பேசுவதில்லை. ஊருக்கு அதெல்லாம் சொல்லித்தரவே வேண்டாம், உங்களுக்குத்தான் தெரியுமே.

உங்கள் அப்பா எதற்குப் பயந்தாரோ அது அப்படியே நடந்துவிட்டது. அவர் செய்ததை நாம் இரண்டு பேரும் சேர்ந்து அழித்துவிட்டோம். திருப்திதானே?

கொர்ராதோ


துரின்,
10 மே 1987

கொர்ராதோ ஸ்கலீசேவுக்கு,

இல்லை. திருப்தி இல்லை. வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

இதழை அப்பாவின் கல்லறைக்குக் கொண்டுபோய் உரக்கப் படிக்கப்போவதாக ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். கொண்டுபோனேன். அவர் பெயர் வந்த வரியைப் படித்தேன். அடுத்த வரிக்கு வந்ததும் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. எதை மறைக்க அவர் சிறையில் கிடந்தாரோ அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிப் படிப்பது? மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

போன வாரம் விடுப்புப் போட்டு உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. உங்களைப் பார்க்க வரவில்லை என்பதால். யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் கழிவறை ஜன்னல் வழியாகவே இறங்கினேன். உங்களைவிட எனக்கு அது சுலபமாகத்தான் இருந்திருக்கும். அந்தச் சுவரைப் பார்த்தேன். நீங்கள் துடைத்த இடம் மட்டும் பச்சையாக இருந்தது. தொடவில்லை. தொடுகிற உரிமை எனக்கு இல்லை, அது உங்கள் வீட்டுப் பெண்ணுடையது. மேலே ஆபரேட்டர் அறைக்கு ஏற முடியுமா என்று பார்த்தேன். படிகள் இல்லை. கீழே இருந்தே அண்ணாந்து பார்த்தேன். இரண்டு சின்ன ஓட்டைகள். அந்த ஓட்டை வழியாகத்தான் அவர் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

வெளியே வந்தபோது பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சதுக்கத்தில் நீரூற்றுக்கு எதிரே பெஞ்சில் ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பெஞ்சுகளில் எல்லாம் நாலைந்து பேர். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. துரினில் ரயிலேறும்போதே அவர் முகத்தில் காறித் துப்புவதென்று முடிவு பண்ணியிருந்தேன். அதற்காகவே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். நேரே போய் முன்னால் நின்றேன்.

"யாரும்மா நீ?" என்றார்.

"சவேரியோ லீக்கோ மக."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "என் பொண்டாட்டி போயிட்டா" என்றார், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல.

"தெரியும். நான்தான் போக வச்சேன்" என்றேன். நோகட்டும் என்றே சொன்னேன்.

"இல்ல" என்றார். "நான்தான்."

அப்புறம் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் வாயில் எச்சில் வற்றிப்போயிருந்தது.

நான் உட்காரவில்லை. ஆனால் பஸ் வரும்வரை அங்கேயே, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

நொரீனா